சுவரை அலங்கரியுங்கள், ஸ்டூலில் ஏறாதீர்கள்

கத்திரி வெயிலில் பதினொரு மணிக்கு மேல் வாசலில் கால் வைக்க முடியாது. டி.வி.யையே எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? கூடத்துச் சுவர் சும்மாதான் கிடக்கிறது. பனை விசிறி, பழைய புடவை, புளியங்கொட்டை எல்லாம் வீட்டிலோ தெருமுனையிலோ கிடைக்கும். அறுபதைத் தாண்டியவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே செய்துவிடலாம். நான் பார்த்தவரை, இந்த வேலையில் அடிபட்டவர்கள் வெட்டும்போதோ ஒட்டும்போதோ அடிபடவில்லை. செய்து முடித்ததை மாட்டப் போனபோதுதான் விழுந்தார்கள். அதனால் இரண்டு பட்டியலையும் படித்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கையில் எடுங்கள்.

செய்ய வேண்டியவை

• பனை ஓலை விசிறியில் தொடங்குங்கள். கோடையில் சந்தையிலும் கோயில் வாசலிலும் விற்கும். காம்பின் ஓரத்தில் கருக்கு சரியாகச் சீவப்படாமல் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் கையைக் கிழிக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். பிறகு வெள்ளை அக்ரிலிக் பெயிண்டில் இயர்பட்ஸைத் தொட்டு, ஓலை மடிப்பின் முகட்டில் புள்ளி வையுங்கள். மடிப்புகள் காம்பிலிருந்து விரிந்து போவதால் புள்ளிகள் தாமாகவே வரிசையில் நிற்கும், ஸ்கேல் தேவையில்லை. வெளி ஓரத்தில் பெரிய புள்ளி, காம்பை நெருங்க நெருங்கச் சின்னப் புள்ளி. கை நடுங்குபவர்கள் பிரஷ்ஷால் கோடு இழுத்தால் கோணும், புள்ளி கோணாது. ஆயுசு முழுக்க வாசலில் புள்ளிக்கோலம் போட்ட கைக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. மூன்று விசிறி செய்து, நடுவில் உள்ளதை ஒரு சாண் உயர்த்தி மாட்டினால் கூடத்தின் முகமே மாறிவிடும்.

• பழைய புடவையின் பார்டரை எம்பிராய்டரி வளையத்தில் இழுத்து மாட்டுங்கள். தையல் வேண்டாம், திருகை இறுக்கினால் போதும். எட்டு அங்குல வளையம் கைக்கு அடக்கமாக இருக்கும். எஞ்சிய துணியை ஒரு விரல் அகலம் விட்டு வெட்டி, ஃபெவிகால் தொட்டுப் பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். சுங்குடிச் சேலையின் புள்ளிகள் இந்த வட்டத்துக்குள் அழகாக விழும். முகூர்த்தப் புடவை என்றால் மட்டும் கத்தரி வைக்கும் முன் ஒரு நாள் யோசியுங்கள். மகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர் கண் வைத்திருக்கலாம்.

• பழைய போட்டோக்களைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, அந்தப் பிரதியை மட்டும் அட்டையில் ஒட்டுங்கள். ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒருமுறை பசை பட்டால் அதோடு போச்சு.

• காலை ஏழிலிருந்து ஒன்பதரைக்குள் ஜன்னலோரம் உட்காருங்கள். வெளிச்சம் கிடைக்கும், அனலும் இருக்காது. வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் ஜன்னல் இடப்பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தால், கையின் நிழல் வேலையின் மேல் விழாது.

• கைப்பிடி வைத்த நாற்காலியும் மேஜையும் போட்டுக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் தரையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

• பிரஷ்ஷின் காம்பில் பழைய துணியைச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். பருத்த பிடி விரல் மூட்டுக்கு இதம். கத்தரிக்கோலும் ஸ்பிரிங் வைத்ததாக வாங்குங்கள், அது தானே திறந்துகொள்ளும்.

• இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து, தண்ணீர் குடித்து, நாலு எட்டு நடங்கள். வேலையில் மூழ்கினால் தாகம் தெரியாது, இந்த வெயிலில் அது நல்லதில்லை.

• குண்டூசி புழங்கினால் முடிந்ததும் காந்தத்தைத் தரையில் ஒருமுறை ஓட்டுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவருக்கு ஊசி ஏறியதே தெரியாது. புண் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். இதை அலட்சியமாக விடவே கூடாது.

• ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் வெட்டும் வேலையை வேறு கையில் கொடுங்கள். மீறி வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். நடுநடுவே எடுத்துப் பார்க்காதீர்கள். அப்படியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

• ஏற்கெனவே காலண்டர் தொங்கும் ஆணியைப் பயன்படுத்துங்கள். புது ஆணி அடிக்கும் தொல்லை மிச்சம், போன வருஷக் காலண்டருக்கும் விடை கொடுத்த மாதிரி ஆகும்.

• நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ நாலு அடியில் மாட்டச் சொல்லுங்கள். நின்றுகொண்டு பார்ப்பவருக்காக மாட்டிய படத்தை உட்கார்ந்தே இருப்பவர் கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும்.

• ஓதமுள்ள சுவரென்றால் அட்டையின் பின்புறம் நாலு மூலையிலும் பாட்டில் மூடி ஒட்டுங்கள். சுவருக்கும் அட்டைக்கும் நடுவே காற்று போய்வந்தால் பூஞ்சை பிடிக்காது.

செய்யக்கூடாதவை

• ஸ்டூல், கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி எதன் மீதும் ஏறாதீர்கள். “ரெண்டே அடிதானே” என்று ஏறியவர்கள்தான் இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளையோ மருமகளோ பக்கத்து வீட்டுப் பையனோ வரும்வரை செய்து முடித்தது மேஜையில் இருக்கட்டும். ஒன்றும் கெட்டுப்போகாது.

• சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஆணி அடிக்க விடாதீர்கள். சுவருக்குள் ஒயர் பைப் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் ஓடும். அடிக்கப்போவது யாராக இருந்தாலும் சுத்தியலை எடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

• குன்றிமணியை எடுக்காதீர்கள். பிள்ளையார் கண்ணுக்கு வைத்து வைத்து நமக்குப் பழகிவிட்டது, ஆனால் அது கடும் விஷம். மேல்தோடு முழுசாக இருக்கும்வரை சும்மா இருக்கும். துளை போட்டாலோ மென்றாலோ விஷம் வெளிவரும், உயிருக்கே ஆபத்து. லீவுக்குப் பேரக்குழந்தைகள் வரும் வீட்டில் இதை வைத்து மாலையும் கோக்க வேண்டாம், படமும் ஒட்ட வேண்டாம். ஆமணக்கு விதையும் அரளி விதையும் அப்படியே. கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை போதும். பளபளப்பாக இருக்கும். இதை மட்டும் நாலு அடி என்று பார்க்காமல், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

• கடற்கரையில் கிடந்தாலும் பவளத் துண்டைப் பொறுக்கி வராதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்துக்கும் பொருந்தும். சாதாரணக் கிளிஞ்சல் நாலு போதும்.

• குளூ கன் வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் பசை கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடு, விரலில் ஒட்டினால் தோலோடுதான் வரும். ஃபெவிகால் காய நேரமாகும்தான், நமக்கு என்ன அவசரம்?

• ஃபெவிக்விக் பக்கம் போகாதீர்கள். வயதான தோல் மெல்லியது. விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரியுங்கள்.

• மைதாப் பசையில் மயில்துத்தம் போடாதீர்கள். பூச்சி வராமலிருக்க அந்தக் காலத்தில் போட்டார்கள், ஆனால் வயிற்றுக்குள் போனால் விஷம். பசை காய்ச்சிய பாத்திரம் மறுபடி அடுப்புக்கு வரும் என்பது நம் வீட்டு வழக்கம் வேறு.

• பிரஷ் கழுவும் தண்ணீரைக் குடிக்கிற டம்ளரில் வைக்காதீர்கள். வெள்ளை பெயிண்ட் கலந்த தண்ணீரும் நீர்மோரும் கண்ணாடி போடாத கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். பழைய ஜாம் பாட்டிலை ஒதுக்கி, அதை மட்டும் வையுங்கள்.

• ஏ.சி. போட்டு மூடிய அறையில் ஸ்பிரே பெயிண்ட் அடிக்காதீர்கள். ஆஸ்துமா, இளைப்பு இருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். தெர்மாகோலில் அடித்தால் அதுவும் கரைந்து குழி விழும்.

• கட்டில் தலைமாட்டுக்கு மேல் கண்ணாடி ஃபிரேம் மாட்டாதீர்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒட்டுகிற ஹூக் நிற்காது, ராத்திரியில் தலையில் விழும்.

• மேற்குச் சுவரில் டபுள் சைடு டேப்பை நம்பாதீர்கள். சாயங்கால வெயிலில் சுவர் காய்ந்தால் பசை இளகி, அட்டை கீழே கிடக்கும்.

• சாமி விளக்குக்குப் பக்கத்தில் துணித் தோரணம் வேண்டாம். ஃபேன் காற்றில் அது எந்தப் பக்கம் ஆடும் என்று சொல்ல முடியாது.

• வீட்டில் இருக்கும் இளசுகளுக்கு ஒன்று: அம்மா வைத்த புள்ளி கோணலாக இருக்கிறது என்று ராத்திரியில் திருத்தி வைக்காதீர்கள். காலையில் அவருக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு அவர் பிரஷ்ஷைத் தொட மாட்டார்.

இன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் விசிறிக்கும் இயர்பட்ஸுக்கும் ஆள் அனுப்புங்கள். மாட்டித் தர ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, பிள்ளைக்கு இப்போதே ஒரு போன் போட்டுவிடுங்கள்.