மனத்தை அளக்கும் கோல்

கண்ணுக்குப் புலனாகும் பொருள்களை அளத்தல் எளிது. நெல்லை மரக்காலாலும், துணியை முழக்கோலாலும், பொன்னைத் துலாக்கோலாலும் மக்கள் நெடுங்காலமாக அளந்து வந்தனர். உடலின் வெம்மையை அளக்க வெப்பமானி உண்டு. குருதியின் அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. மனமோ கண்ணுக்குப் புலனாவது அன்று. கைக்கு அகப்படுவதும் அன்று. அதனை அளக்கவும் கோல் உண்டோ? உண்டெனின், அக்கோல் எதனை அளக்கும்? எதனை அளக்கமாட்டாது? இவ்வினாக்களுக்கு விடை காண அறிஞர் முயன்ற வரலாறு, சுவை பயப்பது. எச்சரிக்கை தருவதும் ஆகும்.

பிரான்சு நாட்டில் 1882-ஆம் ஆண்டில் தொடக்கக் கல்வி கட்டாயம் ஆயிற்று. அதுவரை பள்ளியின் வாயிலையே காணாத சிறுவர் பலரும் வகுப்பறைக்குள் வந்தனர். அவருள் சிலர் பாடத்தைப் பின்பற்ற இயலாது இடர்ப்பட்டனர். அவ்விடர்ப்பாட்டிற்குக் காரணம் யாது? அறிவுக் குறைவோ, செவிப்புலன் குறைவோ, வீட்டின் வறுமையோ, வெறும் சோம்பலோ? ஆசிரியர் தம் மனம் போனவாறு, வாய் திறவாத பிள்ளையை மந்தன் என்றும், குறும்பு செய்யும் பிள்ளையைத் திருந்தாதவன் என்றும் ஒதுக்கிவிடக்கூடும். அவ்வாறு ஒதுக்கப்பட்ட பிள்ளையின் வாழ்வு பாழாகும். தனிப்பயிற்சி வேண்டும் சிறுவர் யாவர் எனப் பிழையின்றி அறியும் வழியை ஆராயப் பிரெஞ்சு அரசாங்கம் 1904-ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவில் இடம்பெற்ற உளவியல் அறிஞரே ஆல்பிரட் பினே என்பவர்.

பினே 1857-ஆம் ஆண்டில் நீசு நகரில் பிறந்தவர். தலையோட்டின் அளவைக் கொண்டு அறிவின் அளவைக் கணிக்கலாம் என்னும் கருத்து அவர் காலத்தில் ஓங்கியிருந்தது. அவரும் சின்னாள் அவ்வழியே சென்று, மாணவர் தலைகளை அளந்து பார்த்தார். அறிவிற் சிறந்த மாணவர் தலைக்கும் பின்தங்கிய மாணவர் தலைக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேற்றுமை இல்லை எனக் கண்டார். அளப்பவர், தாம் எதிர்பார்ப்பதையே அளவிலும் காண முற்படுவர் என்னும் உண்மையும் அவருக்குப் புலனாயிற்று. ஆதலின் அவ்வழியைக் கைவிட்டார். தம் பெண்மக்கள் இருவரும் ஒரே புதிரை எவ்வாறு விடுவிக்கின்றனர் என்பதை அவர் கூர்ந்து நோக்கியதுண்டு. ஒருத்தி பொருளை உற்று நோக்கி, நிதானமாக அடியெடுத்து வைப்பாள். மற்றொருத்தி கற்பனையில் திளைப்பாள். அறிவு செயற்படும் வகை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை அவர் ஆய்வுக்கூடத்தில் மட்டுமன்றித் தம் இல்லத்திலும் கற்றார்.

பினேயும், தியோடர் சிமோன் என்னும் இளம் மருத்துவரும் கூடி, 1905-ஆம் ஆண்டில் முப்பது சோதனைகள் அடங்கிய அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். அச்சோதனைகள் எளியதில் தொடங்கி அரியதில் முடிந்தன. எரியும் தீக்குச்சியைக் குழந்தையின் கண்முன் அசைத்து, அதன் பார்வை ஒளியைப் பின்தொடர்கின்றதா எனக் காண்பது முதற் சோதனை. மரத்துண்டையும் சாக்லேட்டுத் துண்டையும் காட்டி, உண்ணத்தக்கது எது எனக் குழந்தை அறிகின்றதா எனக் காண்பது மற்றொன்று. படத்தில் உள்ள பொருள்களின் பெயர் கூறுதல், கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்லுதல், மரத்திற்கும் கண்ணாடிக்கும் உள்ள வேற்றுமையை நினைவிலிருந்து உரைத்தல், எடை வேறுபட்ட பொருள்களை முறைப்பட அடுக்குதல், மூன்று சொற்களைச் சேர்த்து ஒரு வாக்கியம் அமைத்தல் ஆகியன அடுத்தடுத்து வந்தன. பள்ளியில் நெட்டுருச் செய்த பாடத்தை ஒப்பித்தல் இச்சோதனைகளின் நோக்கம் அன்று. புதிய சூழலில் குழந்தை எவ்வாறு சிந்திக்கின்றது என அறிவதே நோக்கமாகும்.

1908-ஆம் ஆண்டில் பினேயும் சிமோனும் அச்சோதனைகளை வயது வாரியாக வகுத்தனர். எட்டு வயதுக் குழந்தைகளுள் பெரும்பாலோர் விடை கூறும் வினாக்கள் எட்டு வயதுக்கு உரியவை எனக் கொள்ளப்பட்டன. அவற்றிற்கு விடை கூறவல்ல சிறுவனின் 'மனவயது' எட்டு எனப்பட்டது. அவன் பிறந்து ஏழாண்டு ஆகியிருப்பினும் ஆகுக, பத்தாண்டு ஆகியிருப்பினும் ஆகுக. ஜெர்மானிய அறிஞர் வில்லியம் ஸ்டெர்ன், மனவயதை உண்மை வயதால் வகுக்கலாம் என 1912-இல் கூறினார். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன், அவ்வீவை நூறால் பெருக்கும் முறையை 1916-இல் வெளியிட்ட தம் சோதனையில் மேற்கொண்டார். இதுவே 'நுண்ணறிவு ஈவு' எனப் பெயர் பெற்றது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மனவயது பத்தாயின், அவன் ஈவு 125. பத்து வயதுச் சிறுவனின் மனவயது எட்டாயின், அவன் ஈவு 80.

இவ்வெண் காண்பதற்கு எளிது, கையாளுவதற்கு அரிது. பினே தம் அளவுகோலின் எல்லையை நன்கு அறிந்திருந்தார். அறிவு, பிறப்பிலேயே வரையறுக்கப்பட்டுப் பின்னர் மாறாது நிற்கும் பொருள் என்று கூறியவர்களை அவர் 1909-இல் வெளிவந்த தம் நூலில் வன்மையாக மறுத்தார். பின்தங்கிய சிறுவர்க்குப் பாடம் புகட்டுமுன், அவரைக் கவனித்தற்குப் பழக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அதன்பொருட்டு விளையாட்டுப் போன்ற பயிற்சிகளைப் பரிந்துரைத்தார். ஆசிரியர் குறிப்புக் காட்டியவுடன் வகுப்பிலுள்ளோர் அனைவரும் சிலைபோல் அசையாது நிற்றல் அவற்றுள் ஒன்று. பின்தங்கிய பிள்ளையைக் கண்டுபிடித்துக் கைதூக்கிவிடுதற்கே அவர் அளவுகோல் செய்தார், தள்ளிவிடுதற்கு அன்று. அவர் 1911-ஆம் ஆண்டில் காலமானார்.

கோல் செய்தவர் மறைந்தபின், கோல் பிறர் கைக்குச் சென்றது. ஹென்றி காடர்டு என்பவர் 1908-ஆம் ஆண்டிலேயே அதனை அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றிருந்தார். அறிவு வழிவழியாக வரும் மாறாப் பண்பு என்பது அவர் கருத்து. முதல் உலகப்போரில் அமெரிக்கா 1917-இல் ஈடுபட்டபோது, பதினேழு இலட்சத்திற்கு மேற்பட்ட படைவீரர் நுண்ணறிவுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். எழுத்தறிந்தோர்க்கு 'ஆல்பா' என்றும், எழுத்தறியாதார்க்குப் 'பீட்டா' என்றும் இருவகைச் சோதனைகள் இருந்தன. பீட்டாச் சோதனையில் படத்தில் விடுபட்ட உறுப்பை வரைந்து நிரப்பவேண்டும். டென்னிசு ஆடுகளத்தில் வலை இல்லை என்பதை, அவ்விளையாட்டையே காணாத ஏழைக் குடியானவன் எங்ஙனம் அறிவான்? அயல் நாட்டிலிருந்து அண்மையில் வந்து குடியேறியோர் பலர் இத்தகைய வினாக்களில் தவறினர். அவர்தம் அறியாமை, பழக்கமின்மையால் வந்தது. அதனைச் சிலர் அறிவின்மை எனக் கணக்கிட்டனர்.

இப்பிழை ஒரு பெண்ணின் வாழ்வை எவ்வாறு தாக்கியது என்பதற்குக் கேரி பக் என்பவரின் வரலாறு சான்று. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த அவர் ஏழை. பிறர் வீட்டில் வளர்ந்தவர். பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை குறையின்றிப் பயின்றவர். பதினேழு வயதளவில், 1924-ஆம் ஆண்டில், அவர் அறிவுக் குறையுடையோர்க்கான விடுதி ஒன்றிற்கு அனுப்பப்பட்டார். அவர்தம் தாயும் அங்கேயே இருந்தார். பினேயின் அளவுகோலைச் சான்றாகக் காட்டி, கேரியின் மனவயது ஒன்பது என்றனர். இத்தகையோர் மக்கட்பேறு பெறாவண்ணம் அறுவை செய்யலாம் என வர்ஜீனியாவில் ஒரு சட்டம் இருந்தது. வழக்கு நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1927-ஆம் ஆண்டு மே மாதத்தில், எண்மர் உடன்பட ஒருவர் மறுக்க, அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. அவ்வாண்டிலேயே கேரிக்கு அறுவை நிகழ்ந்தது. வழக்கில், அவர்தம் கைக்குழந்தை விவியனும் இயல்பான குழந்தை அன்று எனச் சாட்சி கூறியிருந்தனர். அக்குழந்தையோ, வளர்ந்து பள்ளி சென்று, 1931-ஆம் ஆண்டில் சிறந்த மாணவர் வரிசையில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டில் நோயால் மறைந்தது. வர்ஜீனியாவில் 8,000-க்கு மேற்பட்டோர் இவ்வாறு அறுவைக்கு ஆளாயினர். அச்சட்டம் 1974-இல் நீக்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டில் அம்மாநில ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். இழந்தவற்றை மன்னிப்பு மீட்டுத் தருமோ?

அளவுகோல் தவறாகப் பயன்பட்டது என்பதற்காக அதனை முறித்தெறிதல் அறிவுடைமை ஆகாது. கத்தி கொலைஞன் கையிலும் உண்டு. மருத்துவர் கையிலும் உண்டு. பின்வந்த அறிஞர் சோதனைகளைச் சீர்திருத்தினர். ஜான் ரேவன் 1938-இல் வெளியிட்ட சோதனையில் சொற்களே இல்லை. ஒழுங்குபட அமைந்த கோலங்களில் விடுபட்ட துண்டு எது எனத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். நியூயார்க்கு நகரின் பெல்வியூ மருத்துவமனையில் பணியாற்றிய டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் வெளியிட்ட சோதனை, சொல்லால் விடை கூறும் பகுதியும் கையால் செய்துகாட்டும் பகுதியும் உடையது. இந்தியாவில் பாட்டியா என்பவர், எழுத்தறியாச் சிறுவர்க்கும் பொருந்துமாறு ஐந்து செயற்சோதனைகளைத் தொகுத்து 1955-இல் வெளியிட்டார். இக்காலத்தில் ஈவைக் கணக்கிடும் முறையும் மாறிவிட்டது. ஒருவர் பெற்ற மதிப்பெண்ணை அவர் வயதினர் பெறும் சராசரியோடு ஒப்பிடுவர். சராசரி 100, மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 85-க்கும் 115-க்கும் இடையில் அமைவர்.

நல்ல சோதனைக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. முதலாவது தரப்படுத்துதல், அஃதாவது, யாவர்க்கும் ஒரே முறையில் வினவுதலும், அம்மக்களுள் பலரை முன்னரே சோதித்துச் சராசரியை வகுத்தலும் ஆகும். இரண்டாவது நம்பகத்தன்மை. ஒரே பொன்னைக் காலையில் ஓர் எடையும் மாலையில் வேறோர் எடையும் காட்டும் துலாக்கோலை எவர் நம்புவர்? மூன்றாவது ஏற்புடைமை, அஃதாவது, அளக்கக் கருதியதையே அளத்தல். மரக்கால் எத்துணைச் செம்மையாக அமைந்திருப்பினும் அது துணியை அளக்க உதவாது. ஆங்கிலத்தில் வினவப்படும் சோதனை, ஆங்கிலம் அறியாதாரின் மொழிக்குறையை அளக்குமேயன்றி, அவர்தம் அறிவை அளவாது. மேலும், இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் மக்களின் சராசரி மதிப்பெண், பத்தாண்டிற்கு ஏறத்தாழ மூன்று புள்ளி உயர்ந்து வந்ததை ஜேம்ஸ் பிளின் என்னும் அறிஞர் 1980-களில் விளக்கிக் காட்டினார். ஒரு தலைமுறைக்குள் மக்களின் பிறவி இயல்பு மாறிவிடாது. கல்வி, உணவு, வாழ்க்கைச் சூழல் ஆகியவற்றின் மாற்றமே இதற்குக் காரணம் ஆதல் வேண்டும் என்பர்.

அறிவை அளக்க முயன்றது போன்றே, மனநலத்தை அறியவும் சோதனைகள் தோன்றின. சுவிட்சர்லாந்தின் மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் 1921-இல் மைத்தடச் சோதனையை வெளியிட்டார். மைத்தடங்கள் பதிந்த பத்து அட்டைகளைக் காட்டி, 'இஃது என்னவாகத் தோன்றுகின்றது?' என வினவுவர். சிலர் வண்ணத்துப்பூச்சி என்பர். சிலர் வேறொன்று என்பர். விடைக்குப் பொருள் காண்பதில் ஆய்வாளரிடையே வேற்றுமை மிகுதி. ஆதலின் இச்சோதனையின் ஏற்புடைமை பற்றி அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1943-இல் வெளிவந்த வினாநிரல் வேறு வகையது. அதன் 1989-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் 567 கூற்றுகள் உள்ளன; ஒவ்வொன்றிற்கும் 'ஆம்' அல்லது 'அன்று' என விடையளிக்க வேண்டும். எவர்க்கும் உள்ள சிறு குறைகளும் தமக்கு இல்லை எனச் சாதிப்போரைக் கண்டறியும் கூற்றுகளும் அதில் அமைந்துள்ளன.

2001-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற சிறு படிவம் ஒன்று, மனச்சோர்வை அறியப் பல நாடுகளில் பயன்படுகின்றது. கடந்த இரண்டு வாரங்களில் செயலில் நாட்டமின்மை, உறக்கக் குறை, பசியின்மை, களைப்பு முதலியன எத்துணை நாள் வருத்தின என ஒன்பது வினாக்களால் அது கேட்கும். ஒவ்வொரு விடைக்கும் சுழி முதல் மூன்று வரை மதிப்பு உண்டு; ஆகக்கூடிய மொத்தம் 27. மதிப்பு மிகின், மருத்துவர் மேலும் ஆராய்வர், அவ்வளவே. தைராய்டுச் சுரப்பியின் குறை போன்ற உடல்நோயும் சோர்வை விளைவிக்கக்கூடும். ஆதலின், எத்தகைய படிவமும் மருத்துவர் நேரிற் கண்டு, பொறுமையாகக் கேட்டு, வாழ்வின் சூழலை உணர்ந்து செய்யும் ஆய்விற்கு ஈடாகாது. வெப்பமானி காய்ச்சல் உண்டென்று கூறும். அக்காய்ச்சல் யாதனால் வந்தது எனக் கூறாது.

உடல் நோயுற்றால் மருத்துவரை நாட எவரும் நாணுவதில்லை. மனம் நோயுற்றால் மட்டும் மறைத்து வைத்தல் ஏன்? சோதனைக்கு உட்படுதல் இழிவன்று. சோதனையின் முடிவைக் கொண்டு ஒருவரை இழித்துப் பேசுதலே இழிவு. 'மந்தன்', 'பித்தன்' என்னும் சொற்கள் விளையாட்டாகச் சொல்லப்படினும், கேட்பவர் நெஞ்சில் நெடுநாள் தைத்திருக்கும். ஒரு நாளில், ஓர் அறையில், சில வினாக்களுக்கு ஒருவர் அளித்த விடைகளின் மதிப்பே சோதனை தரும் எண். அவர்தம் அன்பையும், நேர்மையையும், முயற்சியையும், நாளை அவர் அடையப்போகும் வளர்ச்சியையும் அவ்வெண் கூறவல்லதன்று.

மண்ணின் இயல்பை ஆராயும் உழவன், அது களர் எனக் கண்டவுடன் நிலத்தைக் கைவிடுவதில்லை; ஏற்ற உரம் யாது, ஏற்ற பயிர் யாது எனத் தேடுகின்றான். மனத்தை அளக்கும் கோலும் அவ்வாறே பயன்படல் வேண்டும். எப்பிள்ளைக்கு எவ்வுதவி வேண்டும் எனக் காட்டுமாயின், அக்கோல் விளக்காகும். எப்பிள்ளையைத் தள்ளலாம் எனக் காட்டப் பயன்படுமாயின், அது சூட்டுக்கோலாகும். கோல் ஒன்றே, அதனைப் பிடிக்கும் கையின் கருணையே வேற்றுமையை விளைவிக்கின்றது.

பயிற்சி வினாக்கள்

1. பினே தம் அளவுகோலை எந்நோக்கத்துடன் அமைத்தார்?
2. மனவயது, நுண்ணறிவு ஈவு என்பவற்றை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. கேரி பக்கின் வரலாறு உணர்த்தும் உண்மை யாது?
4. நல்ல சோதனையின் மூன்று இலக்கணங்களையும் உவமை வாயிலாக விளக்குக.
5. 'கோல் விளக்காகும், சூட்டுக்கோலும் ஆகும்' – இக்கருத்தை ஒரு பக்க அளவில் விரித்து எழுதுக.