பயிற்சியின் அளவும் தீவிரமும்

பெங்களூர் பிரேசர் டவுனில் நான் வசிக்கும் தெருவிலிருந்து நாள்தோறும் விடியற்காலையில் சில சிறுவர் சிறுமியர் ஓட்டப் பயிற்சிக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பயில்வதாகப் பெற்றோர் பெருமையுடன் கூறுவதுண்டு. நம் அலுவலகக் கோப்புகள் கேட்பதும் இதே கணக்கைத்தான். உடல் தாங்கிய சுமை எவ்வளவு என்னும் வினாவுக்கு அவற்றில் இடமில்லை.

ஓடிய தொலைவு, செலவிட்ட நேரம் ஆகியவை பயிற்சியின் அளவு. எத்துணை வேகத்தில் ஓடினர் என்பது அதன் தீவிரம். இரண்டும் சேர்ந்ததே சுமை. இதனைக் கணக்கிட அமெரிக்க உடலியல் அறிஞர் கார்ல் ஃபாஸ்டர் எளிய வழியொன்றை வகுத்தார். பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, அன்றைய கடுமைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என வீரரையே கேட்டு, அதனைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்க வேண்டும். 60 நிமிட நிதான ஓட்டத்துக்கு மதிப்பெண் 3 எனில் சுமை 180. 40 நிமிட விரைவோட்டங்களுக்கு 8 எனில் 320. வருகைப் பதிவேட்டின்படியோ முதல் நாள் உழைப்பே மிகுதி! பதிவேட்டில் இதற்கென ஒரு பத்தி வரைய நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

பொருளாதாரம் பயின்றோருக்குக் குறைந்து செல் விளைவு விதி புதிதன்று. தழைச்சத்து மிகுந்தால் நெற்பயிர் சாய்ந்துவிடும். பயிற்சி உடலைத் தளர்த்துகிறது. ஓய்வின்போதே அது வலுப்பெறுகிறது. ஆகவே இரு கூறுகளையும் ஒருங்கே உயர்த்துவது காயத்துக்கு வழிகோலும்.

இதே நகரின் மறுகோடியில், ஞானபாரதி வளாகத்திலுள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் நடந்தது இங்குக் கருதத்தக்கது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆடவர், மகளிர் ஹாக்கி அணிகள் இரண்டும் அங்கேயே தங்கிவிட்டன. களப் பயிற்சி நின்றது. ஜூனில் வீடு திரும்பிய வீரர்கள் ஆகஸ்டில் மீண்டும் கூடினர். உடனே முழு வேகத்தில் ஆடவிடாமல், சுமையைப் படிப்படியாகவே கூட்டினர். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவர் அணி ஜெர்மனியை 5-4 என வென்று, 41 ஆண்டுகளுக்குப் பின் பதக்கம் பெற்றது. மகளிர் அணி நான்காம் இடம் அடைந்தது. வெற்றிக்குக் காரணங்கள் பல. எனினும் அவசரப்படாமை அவற்றுள் ஒன்று என்பது என் கருத்து.

போட்டி நெருங்கும்போது நம் பள்ளி முகாம்களில் பயிற்சி நேரத்தைக் கூட்டுவதே வழக்கம். ஆய்வுகள் காட்டுவது இதற்கு நேர்மாறானது: கடைசி இரு வாரங்களில் தீவிரத்தைக் குறைக்காமல், அளவை மட்டும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தவர்களே களத்தில் கூடுதல் பயன் கண்டுள்ளனர்.