மாஞ்சிக்கு அவசரம் கிடையாது

அன்புள்ள தம்பி,

டிசம்பரில் நீ பாடிய மதியக் கச்சேரியின் வீடியோவை நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். வேலையை விட்டுவிட்டு இனிப் பாட்டுத்தான் என்று இறங்கியிருக்கிறாயாம். சாதகம், பாடாந்தரமெல்லாம் உன் குருநாதர் பார்த்துக்கொள்வார். எனக்கு ஒரே கேள்வி: ‘வருகலாமோ’வை ஏன் அப்படி ஓட்டினாய்?

தில்லையின் எல்லையில் நின்றுகொண்டு நந்தன் கேட்கிறான், வரலாமா என்று. பிறப்பைச் சொல்லிக் காலமெல்லாம் தள்ளி நிறுத்தப்பட்டவன். கோபாலகிருஷ்ண பாரதி அதற்கு மாஞ்சியைத் தேர்ந்தது சும்மாவா? மாஞ்சிக்குப் பைரவியும் முகாரியும் பக்கத்து வீடு. பிடிகளை நீட்டி இழைத்து இறங்கினால்தான் அது மாஞ்சி. மிச்ர சாபுவைச் சற்று முடுக்கினாலும் பைரவி உள்ளே வந்துவிடும். சரணத்தில் நீ பாடியது பைரவி, தம்பி.

அப்புறம் அந்த டேப்லெட். வாய் வரலாமா என்று கெஞ்சுகிறது, கண் அடுத்த வரியைத் தேடுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிட்ட சபாவுக்கெல்லாம் சரி என்றால் பாட்டு நெஞ்சில் படிய நாள் ஏது? மதியக் கச்சேரிச் சன்மானம் பக்கவாத்தியத்துக்கும் காருக்குமே சரியாய்ப் போகும். அதற்கு நாலு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடு. வீட்டு வாடகையும் வரும், சொல்லிச் சொல்லிச் சாகித்யமும் உனக்கு மனப்பாடமாகும்.

எம்.டி. ராமநாதனை எழுபதுகளில் கேட்டிருக்கிறேன். டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யர். சகானாவில் ‘கிரிபை’ எடுத்தாரென்றால் ஒவ்வொரு சங்கதியும் தானாகக் கனிந்துதான் வரும். அந்த விளம்பம் தாங்காமல் எழுந்து போனவர்கள் உண்டு. அவர்களுக்காக அவர் காலத்தைக் கூட்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கீழே இறங்குவார். 1984இல் அவர் போனபின் அப்படி ஒரு மந்தர ஸ்தாயியைக் கேட்கப்போவதில்லை என்றே இருந்தேன்.

நேற்றுக் கேட்டேன். ஆலாபனையில் நீ மந்தர பஞ்சமத்தில் நின்றாயே, அங்கே என்னை அறியாமல் அழுதுவிட்டேன். எத்தனை சாதகம் செய்தாலும் எல்லோருக்கும் வாய்க்கிற சாரீரமில்லை அது. அதை வைத்துக்கொண்டு நீ வேகத்தைத் துரத்துவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பங்குனி வரை புதுக் கச்சேரி எதையும் ஒப்புக்கொள்ளாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வா. பைரவி, முகாரி, மாஞ்சி மூன்றையும் அடுத்தடுத்துப் பாடிக் காட்டுகிறேன். பிறகு நான் தம்புரா மீட்டுகிறேன், நீ ‘வருகலாமோ’ பாடு. சாப்பாடு இங்கேதான்.

ஆசிகளுடன்,
உன் குருநாதரின் பழைய சிநேகிதி