பழைய கணிப்பொறியைப் புதுக்குவதோ, புதிதாய் அமைப்பதோ?

ஒரு பொருள் பழையதாயிற்று என்று கூறுமுன், அதன் எவ்வுறுப்புப் பழையதாயிற்று என்று வினவுதல் அறிவுடையார் செயலாம். கூரை ஒழுகுகின்றதென்று சுவரை இடிப்பார் இலர். சுவர் விண்டு சாயுங்கால் கூரையை மட்டும் வேய்வாரும் இலர். மனை விஷயத்தில் மறவாத இவ்வுண்மையைக் கணிப்பொறி விஷயத்தில் நாம் மறந்துவிடுகின்றோம். புதிய விளையாட்டொன்று தடுக்கித் தடுக்கி ஓடுமாயின், 'பொறி பழையது, புதிது வாங்குக' என்று ஒரு சாராரும், 'ஏதேனும் ஒன்றை மாற்றினால் சரியாய்விடும்' என்று மற்றொரு சாராரும் ஆராயாமலே கூறிவிடுகின்றனர். இருவர் கூற்றும் சிலபோது மெய்யாம். எப்போது எது மெய் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

விளையாட்டுக் கருவியைப்பற்றி இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு எனின், கூறுதும். விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பகுதிகளில் உள்ள இல்லங்கள் பலவற்றின் வருவாய், பட்டாசுச் சாலையிலும் தீப்பெட்டிச் சாலையிலும் அச்சகத்திலும் நாட்கூலியாக வருவது. மழை பெய்யின் பட்டாசு உலராது; வேலையும் இராது. பேரியம் உப்புக் கலந்த பட்டாசுகளை 2018-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் விலக்கியபின் அத்தொழிலுக்கு நேர்ந்த இடர்ப்பாடு நம் பகுதியார் யாவரும் அறிந்ததே. தீபாவளிக்கு முன் வரும் போனஸ் தொகையே பல வீடுகளில் ஒருங்கே கைக்கு வரும் பெருந்தொகை. அத்தொகை வரும் நாளும், கடைகள் தள்ளுபடி விற்பனையைப் பறைசாற்றும் நாளும் ஒன்றாயிருத்தல் நோக்கத்தக்கது. மருந்து இடிக்கும் கையும் திரி சுற்றும் கையும் ஈட்டிய பொருளை மாணாக்கன் ஒருவன் செலவிடுங்கால், ஒவ்வோராயிரம் ரூபாயும் எத்தனை நாட்கூலி என்று எண்ணிப் பார்த்தல் அவன் கடமையன்றோ? அப்பொறி விளையாட்டிற்கு மட்டுமன்றிப் பாடம் பயிலவும் கட்டுரை எழுதவும் உதவுவதாகலின், அதனை முற்றும் விலக்கிவிடுதலும் இயலாது.

நம் ஊர் காட்டும் வழி

இவ்வினாவிற்கு விடைகாணும் முறையைச் சிவகாசியின் வரலாறே கற்பிக்கின்றது. அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922-ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, ஊர் திரும்பி, ஜெர்மனியினின்று பொறிகளை வரவழைத்துத் தொழில் தொடங்கினர். பின்னர்ப் பெரும்பகுதி வேலையைக் கைகளாலேயே செய்யுமாறு அத்தொழிலை மாற்றி அமைத்துக்கொண்டனர். மழை குன்றிய இப்பகுதியில் வேலை தேடும் கைகள் மிகுதி; முதற்பணமோ குறைவு. எது குறைவு, எது மிகுதி என்று அளந்தபின்னரே அவர்கள் எதனை வைத்துக்கொள்வது, எதனை விடுவது என்று துணிந்தனர். அவ்வாறு அமைந்த தொழிலில் பல்லாண்டுகள் சிறுவர் கைகளும் உழைத்தன என்பது அவ்வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி. மலிவு என்று நாம் மகிழும் ஒவ்வொன்றிற்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கின்றனர் என்பதும் இதனாற் பெறப்படும் பாடமாம்.

அச்சுத்தொழிலிலும் இம்முறை விளங்கக் காணலாம். அயல்நாட்டில் உழைத்த ஆப்செட் பொறிகளைப் பழைய விலைக்கு வாங்கி, தேய்ந்த உருளையை மட்டும் மாற்றி ஓட்டுதல் சிவகாசியார்க்குப் புதிதன்று. ஆயின், தேய்ந்தது உருளையோ, பொறியின் அடிச்சட்டமோ என்று பாராமல் எந்த அச்சகத்தாரும் பணம் எண்ணிக் கொடார்.

குறை எவ்வுறுப்பில்?

விளையாட்டுக் கணிப்பொறியின் வேகம் பெரும்பாலும் இரண்டு உறுப்புக்களைப் பொறுத்தது. பிராசசர் என்பது நிகழ்வுகளைக் கணக்கிட்டு, இன்ன இடத்தில் இன்ன உருவம் என்று வகுத்துக்கொடுப்பது. கிராபிக்ஸ் கார்டு என்பது அவ்வகுப்பின்படி படத்தைத் தீட்டித் திரைக்கு அனுப்புவது. முன்னது அச்சுக்கோப்பவனை ஒக்கும். பின்னது அச்சுப்பொறியை ஒக்கும். கோப்பவன் தாமதிப்பின், பொறி எத்துணை விரைவினதாயினும் சும்மா நிற்கும். பொறி தாமதிப்பின், கோத்த பக்கங்கள் குவிந்து கிடக்கும்.

இவ்விருவருள் தாமதிப்பவர் யாவர் என்று அறியக் காசு வேண்டுவதில்லை. விளையாட்டின் அமைப்பினுட் சென்று, திரைத்துல்லியத்தை 1080-இனின்று 720-ஆகக் குறைத்து, விநாடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்று நோக்குக. எண்ணிக்கை நன்கு உயருமாயின், படம் தீட்டும் கார்டே தளர்ந்தது. உயராது முன்போலவே நிற்குமாயின், தளர்ந்தது பிராசசர். இச்சோதனையைச் செய்யாது கார்டு வாங்குதல், நாடி பாராது மருந்துண்ணுதலை ஒக்கும்.

சிறுசெலவுப் பரிகாரங்கள்

பெருஞ்செலவிற்கு முன் சிறுசெலவுகள் சில உள. முதலாவது, துப்புரவு. கரிசற்புழுதி மிக்க நம் பகுதியில், சித்திரை வைகாசி வெயிலில், காற்றாடியிலும் வெப்பத்தகட்டிலும் தூசு படிந்த பொறி விரைவிற் சூடேறும். சூடு எல்லை கடப்பின், தன்னைக் காத்தற்பொருட்டுப் பிராசசர் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசு தட்டி, உலர்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றினாலே இழந்த வேகம் மீளுதல் உண்டு.

இரண்டாவது, ராம் எனப்படும் நினைவகம். 8 ஜிபி அளவுள்ள ஒற்றை அட்டை மட்டும் இருப்பின், அதற்கிணையான மற்றொன்றைச் சேர்த்தால் 16 ஜிபி ஆவதோடு, இரண்டு தடங்களில் ஒருங்கே தரவு செல்லும். ஒருவழிச்சாலை இருவழியாவதை ஒக்கும். மூன்றாவது, சுழலும் ஹார்டு டிஸ்கிற்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. இது படங்களின் எண்ணிக்கையை உயர்த்தாது. ஆயின் பொறி எழும் நேரத்தையும் விளையாட்டுத் திறக்கும் நேரத்தையும் பெரிதும் குறைக்கும். பிற்காலத்தில் புதிய பொறி அமைப்பினும் இதனைக் கழற்றி அதில் மாட்டலாமாகலின், இச்செலவு வீணாகாது.

எல்லை வகுப்பது மதர்போர்டு

இவற்றாலும் குறை தீராதாயின், மதர்போர்டை நோக்குதல் வேண்டும். மனைக்கு அடித்தளம் எப்படியோ, கணிப்பொறிக்கு அது அப்படியாம். அத்தளம் இன்னும் சிறந்த பிராசசரை ஏற்குமாயின் புதுக்கல் தகும். ஏலாதாயின் புதிதாய் அமைத்தலே தகும். இதனை மூன்று எடுத்துக்காட்டுக்களால் விளக்குவாம்.

ஒருவனிடம் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 1600 பிராசசரும் பி450 மதர்போர்டும் உள எனக் கொள்க. அப்பிராசசர் 2017-ல் வந்தது. ஆயினும் அது பொருந்தும் ஏ.எம்.4 என்னும் பீடம் நெடுநாள் நிலைத்தமையின், 2022-ல் வந்த ரைசன் 5 5600 பிராசசரையும் அதே போர்டு ஏற்கும். பயாஸை முன்னரே புதுப்பித்துக்கொண்டாற் போதும். ஈண்டு மாறுவது ஒரே உறுப்பு, பயனோ பெரிது. இவன் புதிதாய் அமைத்தல் வீண்செலவு.

மற்றொருவனிடம் இன்டெல் நிறுவனத்தின் ஐ5-8400 உளது. அதன் போர்டு எட்டாம், ஒன்பதாம் தலைமுறைப் பிராசசர்களை மட்டுமே ஏற்கும். விண்டோஸ் 11 இதில் இயங்கும். இவன் சோதனையில் கார்டே தளர்ந்ததெனக் கண்டால், கார்டை மட்டும் மாற்றி இன்னும் சில ஆண்டுகள் இப்பொறியைக் கொண்டு செலுத்தலாம்.

மூன்றாமவனிடம் உள்ளது ஐ5-7400. அதன் போர்டு எட்டாம் தலைமுறையை ஏலாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்குரிய பிராசசர்களின் பட்டியலிலோ இஃது இடம்பெறவில்லை. இதன்மேல் விலையுயர்ந்த கார்டை மாட்டுதல், விண்ட சுவரின்மேல் மாடி எழுப்புதலாம். இவன் புதிதாய் அமைப்பதே முறை.

புதிதாய் அமைத்தல் என்பது யாதெனின்

எல்லாவற்றையும் எறிந்துவிடுதல் என்று பலர் கருதுகின்றனர்; அன்று. பிராசசர், மதர்போர்டு ஆகிய இரண்டுமே கட்டாயமாக மாறுவன. பெட்டி, எஸ்.எஸ்.டி., திரை, விசைப்பலகை, தக்கதாயின் பழைய கார்டு ஆகிய யாவும் தொடரலாம். நினைவகத்தில் மட்டும் கருத்து வேண்டும். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்னும் இருவகையும் ஒன்றன் பொருத்துவாயில் ஒன்று பொருந்தா. 2022-ல் வந்த ஏ.எம்.5 பீடம் டி.டி.ஆர்.5 ஒன்றையே ஏற்கும். செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருவாரியாக வாங்கத் தொடங்கியமையின், 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவற்றின் விலை மிக ஏறிற்று. ஆகவே கையிலுள்ள டி.டி.ஆர்.4 அட்டைகளைக் காத்துக்கொள்ளுதல் பெருஞ்சிக்கனம். இன்டெல் பன்னிரண்டாம் தலைமுறைக்குரிய போர்டுகளுள் டி.டி.ஆர்.4 ஏற்பனவும் உண்டு. மேற்கூறிய மூன்றாமவன் அத்தகைய போர்டையும் ஐ3-12100எப் பிராசசரையும் வாங்குவானாயின், பழைய டி.டி.ஆர்.4 நினைவகத்தையே பயன்படுத்தலாம். பெயரின் ஈற்றில் 'எப்' உள்ள பிராசசர்க்குத் தானே படம் காட்டும் ஆற்றல் இன்மையின், தனிக் கார்டு இன்றியமையாதது என்பதை மறத்தல் கூடாது.

செய்யத்தகாத சிக்கனம்

சிக்கனம் செய்யத்தகாத இடம் ஒன்று உண்டு. அது மின்சாரம் பகிர்ந்தளிக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெயரறியாத மலிவுச் சரக்கு பழுதுபடுமிடத்துத் தன்னோடு மற்ற உறுப்புக்களையும் கெடுத்தல் கூடும். வெடிமருந்துச் சாலையிற் பாதுகாப்பைக் குறைத்து மிச்சம்பிடிப்பதன் விளைவை நம் பகுதியார் நன்கறிவர். உயிர்ச்சேதத்தோடு பொருட்சேதத்தை ஒப்பிடுகின்றோம் அல்லேம். ஆயினும் காக்கும் பொருளில் மிச்சம்பிடித்தல் கூடாது என்னும் நெறி இரண்டிற்கும் பொது.

பழைய கார்டு வாங்குவோர், அது விளையாட்டில் அரைமணி நேரமேனும் ஓடுவதை நேரிற் கண்டபின்னரே பணம் தருக. ஈதரியம் நாணயத்தைக் கார்டுகளால் ஈட்டும் முறை 2022 செப்டம்பரில் நின்றபின், இரவுபகல் ஓய்வின்றி உழைத்த கார்டுகள் பல சந்தைக்கு வந்தன. அலுவலகங்கள் கழித்த கணிப்பொறிகள் மலிவாய்க் கிடைத்தலும் உண்டு. அவற்றுட் பலவற்றின் மின்பகுதியும் பெட்டியும் பொது அளவினவல்லாமையின், கார்டு பொருந்துமோ என்று அளந்து பார்த்தே வாங்குதல் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினும் மதுரையில் வாங்கினும், ரசீதும் உத்தரவாதமும் இல்லாத மலிவு மலிவாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது இது. முதலிற் சோதனை, அடுத்துத் துப்புரவும் சிறுசெலவும், அதன்பின் மதர்போர்டின் எல்லை. ஓருறுப்பு மாற்றத்தாற் குறை தீருமாயின் புதுக்குக. பிராசசரும் போர்டும் ஒருங்கே மாறவேண்டுமாயின், பழையதன்மேற் சிறுகச் சிறுகச் செலவிடாது, தொகை சேரும்வரை பொறுத்திருந்து புதிதாய் அமைக்க. புதுக்கும் செலவு புதிதாய் அமைக்கும் செலவிற் பாதியைக் கடக்குமாயின் காத்திருத்தலே நன்று என்பது எம் துணிபு. சோதனை முடிவையும் வேண்டும் உறுப்புக்களின் விலையையும் ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் முன் வைக்கும் மாணாக்கன், அவர்தம் உழைப்பை மதித்தவன் ஆவான். அத்தாளின் ஈற்றில் 'இவ்வாண்டு ஒன்றும் வேண்டுவதில்லை' என்று முடிவு வரினும் வருக. அதுவும் ஆராய்ந்து பெற்ற விடையேயாம்.