ஊர் தேடி வரும் காந்தம்

இரண்டாமாண்டு இயற்பியல்

குழம்பில் உப்பிட மறப்பது நோயன்று. ஐம்பது ஆண்டுகள் சமைத்த கை அடுப்பு மூட்டும் முறையையே மறந்துவிட்டால் அது நோய். மருத்துவர்கள் இதனை ‘டிமென்சியா’ என்பர். தமிழில் மறதி நோய் எனலாம். நாடு தழுவிய ஆய்வொன்றின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்படி, 60 வயது கடந்த இந்தியரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு இந்நோய் உள்ளது. நகரங்களைவிடச் சிற்றூர்களிலேயே இது மிகுதி என்பதும் அவ்வாய்வு காட்டிய உண்மையாகும்.

எங்கள் அச்சங்குளத்தில் என் அப்பத்தாவுக்கு இந்நிலை வந்தபோது, “வயசானா அப்படித்தான்” என்றே எல்லோரும் கூறினர். தலையை ஸ்கேன் எடுக்க வேண்டுமாயின் வெளியூர் செல்ல வேண்டும். பட்டாசு ஆலைக்குச் செல்லும் இருவர் கூலியை இழந்து உடன் செல்லவும் வேண்டும். பேருந்தில் ஏறியதும் இறங்கிவிடத் துடிக்கும் முதியவரை அவ்வளவு தொலைவு அழைத்துச் செல்வது எளிதன்று. நோயாளி கருவியைத் தேடிச் செல்வதற்கு மாறாக, கருவி நோயாளியைத் தேடி வர இயலுமா? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

எம்.ஆர்.ஐ. இயங்கும் விதம்

நம் உடலில் நீர் மிகுதி. நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சின்னஞ்சிறு காந்தங்களைப் போன்றவை. வலிய காந்தப்புலத்தில் அவற்றுள் ஒரு சிறு பகுதி புலத்தின் திசையில் கூடுதலாக ஒழுங்குபடும். தகுந்த அதிர்வெண் கொண்ட ரேடியோ அலையைச் செலுத்தினால் அவை ஒத்ததிர்ந்து, பின்னர் மெல்லிய சைகையைத் திருப்பித் தரும். அச்சைகையைக் கொண்டே கணிப்பொறி படம் வரைகிறது.

மருத்துவமனைகளில் பெரும்பாலும் உள்ளவை 1.5 அல்லது 3 டெஸ்லா கருவிகள். இவற்றின் மீக்கடத்திச் சுருளைத் திரவ ஹீலியம் கொண்டு ஏறத்தாழ –269 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கின்றனர். இரும்புப் பொருள்களை இழுத்துக்கொள்ளும் என்பதாலும், வெளி ரேடியோ அலைகள் புகாதிருக்க வேண்டும் என்பதாலும் தனி அறையும் தேவை.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ‘ஸ்வூப்’ என்னும் நகரும் எம்.ஆர்.ஐ. கருவிக்கு ஒப்புதல் அளித்தது. அதன் புலவலிமை 0.064 டெஸ்லா மட்டுமே. நிலைக்காந்தத்தால் இயங்குவதால் ஹீலியம் வேண்டாம். சுவரிலுள்ள சாதாரண மின்இணைப்பே போதும். சக்கரங்களில் உருட்டிக் கட்டிலருகே கொண்டுவரலாம். 1.5 டெஸ்லாவில் ஹைட்ரஜனின் ஒத்ததிர்வு அதிர்வெண் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். இதிலோ ஏறத்தாழ 2.7 மெகாஹெர்ட்ஸ். புலம் குறைந்தால் சைகையும் குறையும், படம் மங்கும். அக்குறையைக் கணிப்பொறியின் துணையால் ஓரளவு ஈடுசெய்கின்றனர்.

எது இயலும், எது இயலாது?

நினைவைப் பேணும் ‘ஹிப்போகேம்பஸ்’ என்னும் பகுதி அல்சைமர் நோயில் சுருங்கும். அச்சுருக்கத்தை இச்சிறு காந்தத்தாலும் அளக்க இயலும் என்பதைப் பாஸ்டன் நகரின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டனர். இதைவிட நமக்கு முதன்மையானது வேறொன்று. கீழே விழுந்ததால் மூளையுறைக்குள் தேங்கிய இரத்தம், மூளையில் மிகுந்த நீர், கட்டி ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுட் பல மருத்துவத்தால் சீர்ப்படக் கூடியவை. இவற்றைக் கண்டறியவே ஸ்கேன் மிகவும் உதவுகிறது.

ஆயினும் படம் மட்டும் நோயைக் கூறிவிடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றை இரத்தச் சோதனையே காட்டும். நினைவாற்றலையோ கேள்விகளால்தான் சோதிக்க வேண்டும். அங்கும் ஓர் இடர் உண்டு. “இன்று என்ன தேதி? நூறிலிருந்து ஏழைக் கழியுங்கள்” என்று கேட்டால், பள்ளி வாசலை மிதிக்காத என் அப்பத்தா நோயில்லாத நாளிலும் தோற்றிருப்பார். ஆனால் இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடிக் கடைசி வெள்ளி எப்போது என்று கேட்டால் உடனே சொல்வார். அதைச் சொல்லத் தடுமாறிய நாளில்தான் எங்களுக்கு அச்சம் பிறந்தது.

இக்குறையை உணர்ந்தே, 1998இல் கொச்சியில் உருவான ‘10/66’ ஆய்வுக் குழு, படிப்பறிவில்லாதவர்க்கும் பொருந்தும் வினாமுறையை வகுத்தது. முதியவரைக் கேட்பதோடு, அவருடன் வாழ்பவரையும் கேட்பது அம்முறையின் சிறப்பு. ஆய்வு நடந்த இடங்களுள் சென்னையும் வேலூரும் அடங்கும்.

நமக்கு வேண்டுவது

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. அவ்வாறு வீடு தேடி வருவோரே இக்கேள்விகளையும் கேட்கலாம். ஐயம் எழுந்தால் இரத்தச் சோதனை. அதன்பின் வட்ட மருத்துவமனைக்குக் குறித்த நாளில் வந்து நிற்கும் நகரும் ஸ்கேன். ஐயம் தீராதவர் மட்டும் பெரிய மருத்துவமனைக்குச் செல்லலாம். இவ்வரிசை அமைந்தால் இருவர் கூலியும் ஒரு முதியவரின் அலைச்சலும் மிஞ்சும்.

காந்தம் ஊர் தேடி வரும் நாள் வரட்டும். அதுவரை, “வயசானா அப்படித்தான்” என்னும் சொல்லை நம் வீடுகளில் நாம் சொல்லாதிருப்போம். அச்சொல்லால்தான் என் அப்பத்தா மருத்துவரைக் காண இரண்டு ஆண்டுகள் தாமதமாயிற்று.