பொங்காலைக்குக் கேட்டைத் திறந்து வையுங்கள்

கேள்வி: எங்கள் சபை சிறியது, காணிக்கையும் குறைவு. அக்கம்பக்கத்தாருக்கு என்னதான் செய்ய முடியும்?
– ஒரு வாசகர், ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்

பதில்: 2018 வெள்ளத்தில் உங்கள் ஊர்க் கடற்கரைப் பங்குகளின் மீனவர்கள் மக்களை மீட்கப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அவர்களிடம் என்ன பணம் இருந்தது?

உங்களிடம் இடம் இருக்கிறது. ஆற்றுகால் கோயிலோ நடை தூரம். கும்ப மாதப் பொங்காலைக்கு முதல் நாளே பெண்கள் பொங்கல் வைக்கும் அடுப்புக்கான செங்கல்லோடு வந்து தெருவோரம் இடம் பிடித்துவிடுவார்கள். 2009-ல் 25 லட்சம் பேர் என்று கின்னஸில் பதிவானது. மோருக்கும் சாப்பாட்டுக்கும் அங்கே பஞ்சமில்லை; கழிப்பறைக்குத்தான் திண்டாட்டம். முதல் நாள் மாலையே கேட்டைத் திறந்து, தொட்டியை நிரப்பி, வாளி, சோப்பு, விளக்கு வையுங்கள். 'பெண்கள் பயன்படுத்தலாம்' என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி மாட்டுங்கள். நாகர்கோவில் பக்கமிருந்தும் வருவார்கள். வயதானவர்களுக்கு நிழலில் நாலு நாற்காலி. துண்டுப் பிரசுரம் மட்டும் வேண்டவே வேண்டாம்!

2024-ல் பொங்காலை ஞாயிறன்று வந்தது. நகரத்தில் சில சபைகள் ஆராதனை நேரத்தையே மாற்றிக்கொண்டன.

அடுப்பு அணைந்ததும் ஏழைகளுக்கு வீடு கட்ட மாநகராட்சி அந்தச் செங்கற்களைச் சேகரிக்கும். உங்கள் வாலிபர் சங்கத்தை அதற்கு அனுப்புங்கள்.