நஸபும் சில்சிலாவும்

சிராங்கூன் ரோட்டிலும் அதன் கிளைத் தெருக்களிலும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்துல் காதிர், முஹ்யித்தீன், ஷாஹுல் ஹமீது ஆகிய மூன்றும் திரும்பத் திரும்ப வரும். முதல் இரண்டும் பக்தாதில் அடங்கியுள்ள ஒரே பெரியாருடையவை. மூன்றாவது நாகூரில் அடங்கியுள்ளவர்களுடையது. பெயர் வைக்கத் தெரிந்த நாம், இப்பெரியார்கள் யார் வழி வந்தவர்கள், அவர்களுக்குப் பின் அவ்வழி எவ்வாறு தொடர்ந்தது என்பதை அறிந்திருக்கிறோமா? பெரியார்களின் வாரிசு என்று சொல்லி நம் கடைப்படி ஏறி வருவோர் உண்டு. அவர்களை எப்படி மதிப்பது என்பதற்காகவேனும் இதை அறிந்துகொள்ளல் அவசியம்.

வழி இரண்டு வகைப்படும். தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும் இரத்த வழி நஸபு. உஸ்தாதிடமிருந்து மாணவருக்கு வரும் சங்கிலி சில்சிலா.

நாயகம் (ஸல்) அவர்களின் ஆண்மக்கள் சிறு வயதிலேயே மறைந்தனர். மகளார் பாத்திமா (ரலி) அவர்களின் மக்களான ஹஸன், ஹுஸைன் (ரலி) வழியாகவே அவர்களின் குடும்பம் தழைத்தது. 1166ல் பக்தாதில் மறைந்த முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்கள், தந்தை வழியில் ஹஸன் (ரலி) அவர்களின் பரம்பரையினர் என்பர். ஆனால் அவர்கள் பாடம் சொன்ன மதரஸா தந்தையின் சொத்தன்று. அபூ ஸஅது முகர்ரிமீ என்ற தம் உஸ்தாதிடமிருந்து அவர்களுக்கு வந்தது. அவர்களுக்குப் பின் அங்கே பாடம் நடத்தியவர் மகனார் அப்துல் வஹ்ஹாப். ஒரே மதரஸா முதலில் சில்சிலா வழியும் பிறகு நஸபு வழியும் கைமாறியிருக்கிறது.

அந்த ஜீலானி அவர்களின் பரம்பரையில், வட இந்தியாவிலுள்ள மாணிக்கப்பூரில் தோன்றியவர்கள் நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகம் என்று அவர்களுடைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. குவாலியர் முஹம்மது கௌது அவர்களிடம் பயின்றார்கள். 16ம் நூற்றாண்டில் நாகூரை வந்தடைந்து அங்கேயே அடங்கினார்கள். அவர்கள் மணம் புரியவில்லை. வளர்ப்பு மகனார் யூசுபு சாஹிபு அவர்களின் சந்ததியினரே தர்காவின் பரம்பரைப் பணியாளர்களாக இன்றளவும் இருந்து வருகின்றனர்.

இங்கே நம் சட்டத்தை நினைவுகூர வேண்டும். ஹாரிஸாவின் மகன் ஜைது (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் மகனாக வளர்த்தார்கள். மக்களும் ‘ஜைது பின் முஹம்மது’ என்றே அழைத்து வந்தனர். பின்னர் சூரா அஹ்ஸாபின் 5ம் வசனம் இறங்கியது. வளர்ப்பு மக்களை அவர்களைப் பெற்ற தந்தையர் பெயராலேயே அழைக்கும்படி அது கட்டளையிட்டது. ஜைது மீண்டும் ‘ஜைது பின் ஹாரிஸா’ ஆனார். பாசம் குறைந்ததா? இல்லை! அவர் மகன் உஸாமாவைத்தான், வயதில் இளையவராயிருந்தும், நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி நாட்களில் படைத் தலைவராக நியமித்தார்கள். ஆகவே வளர்ப்பினால் பணியும் பொறுப்பும் வரலாம், நஸபு வராது. கடையைப் பொறுப்பாக நடத்துபவர் வேறு, முதலாளியின் மகன் வேறு என்பதை வியாபாரிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

தெலுக் ஆயர் வீதியில் நம் முன்னோரான சூலியாக்கள் 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் நாயகத்தின் நினைவாக ஒரு தர்காவை எழுப்பினார்கள். அப்பொழுது அவ்வீதி கடற்கரையை ஒட்டியிருந்தது. கப்பலில் வந்திறங்கியவர்கள் கரையிலேயே தங்கள் ஊர் நாயகத்தின் பெயரைக் கண்டனர். அங்கே அடக்கஸ்தலம் கிடையாது. கட்டியவர்களோ நாயகத்தின் பிள்ளைகளல்லர், நாணயமாற்றும் சிறு வியாபாரமும் செய்து பிழைத்தவர்கள். 1974ல் அது தேசிய நினைவுச் சின்னமாயிற்று. 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது.

சில்சிலாவின் சிறப்பைக் காண நம் கீழக்கரையே போதும். 17ம் நூற்றாண்டில் அங்கே ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் ஆலிம், சீதக்காதி வியாபாரி. ஷெய்கு அப்துல் காதிர் என்ற பெயர்தான் தமிழ் நாவில் சீதக்காதி ஆயிற்று. கல்வி ஒருவரிடம், கப்பல் மற்றவரிடம். அவ்விருவரின் துணையால் உமறுப் புலவரின் சீறாப்புராணம் நமக்குக் கிடைத்தது.

அதே ஊரில் பின்னாளில் தைக்கா சாஹிபு அவர்கள் காதிரிய்யா தரீக்காவின் ஷெய்காக விளங்கி 1850ல் மறைந்தார்கள். அவர்களின் இடத்திற்கு வந்தவர் மாணவரும் மகளின் கணவருமான செய்யிது முஹம்மது ஆலிம். மருமகன் என்பதால் ஊரார் ‘மாப்பிள்ளை ஆலிம்’ என்றே அழைத்தனர், அப்பெயரே நிலைத்துவிட்டது. அறபுத் தமிழில் அவர்கள் எழுதிய மார்க்கச் சட்ட நூல்களைக் கொண்டுதான் நம் பாட்டிமார் தொழுகையின் பர்ளுகளைப் படித்தார்கள். கடல் கடந்து இலங்கையிலும் மாணவர்களை உண்டாக்கி, 1898ல் மறைந்தார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற மகனார், தந்தையிடமே தீட்சை பெற்றவர். அவர் பெயரும் ஷாஹுல் ஹமீதுதான்.